வேட்டிக் கொடி

எஞ்சின் சத்தம் நின்றபோது நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

புது வேட்டி, சார். ஆயுத பூஜைக்கு என்று அம்மா எடுத்துக்கொடுத்த எட்டு முழம். ஒரு முனையை இடுப்பில் செருகிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டிருக்கும்போது வானத்தில் ஓர் இருமல் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு ஒன்றுமே இல்லை. பருத்திக்கு மருந்தடிக்கிற மஞ்சள் விமானம், காட்டின் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பேச வந்ததை மறந்துவிட்டவன் மாதிரி அந்தரத்தில் அப்படியே மௌனமாகிவிட்டது. உள்ளே தர்மன்.

நான் ஓடினேன். நாலு தப்படி ஓடி, வேட்டி தடுக்கி விழுந்து, எழுந்து மறுபடி ஓடினேன். மருந்தடித்து முடியட்டும் என்று வரப்போரம் ஒதுங்கி நின்ற களைவெட்டும் பெண்கள் எனக்கு முன்னால் ஓடினார்கள். அவர்களில் இருசம்மாள், களைக்கொட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஏ ப்ளேனு! ரோட்டுப் பக்கம் போவாத! அரியலூரு பஸ்ஸு வருது!" என்று விமானத்துக்கு வழி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

தர்மன் அவள் பேச்சைக் கேட்டான் என்றே வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ரோடு, அதில் பஸ். நேரே பெண்கள். வலப்பக்கம் ஆளுயரச் சோளம். மூக்கைத் தாழ்த்தி, வலப்பக்கம் சாய்த்து, சோளத்துக்குள் கொண்டுபோய் இறக்கினான். நானாக இருந்தாலும் சோளத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. சோளத்துக்கு நடுவே ஒரு வரப்பு இருந்தது. அது மட்டும் மேலேயிருந்து தெரியாது.

சக்கரம் வரப்பில் மோதி, விமானம் முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வால் மட்டும் சோளக்கதிர்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. தர்மனின் வலது கால் முன்தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து இழுத்து வெளியே போட்டதும் தர்மன் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு போயிருச்சா?"

"பஸ்ஸுக்கு ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. ஒன்னயப் பாக்கத்தான் நிறுத்திட்டு எல்லாரும் எறங்கி ஓடி வராங்க" என்றாள் இருசம்மாள்.

"சோளம் யாருதுங்க? கோவிச்சுக்கப் போறாரு."

அதற்குப் பிறகு மயங்கிவிட்டான். அவனைக் கட்டிலில் போட்டு ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அதே பஸ் பெரம்பலூர் பக்கம் திரும்பியது. எல்லாம் ஓய்ந்த பிறகு இருசம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வாயும் களைக்கொட்டும் ஒரே பட்டறையில் அடித்தவை.

"ஏந் தம்பி, ப்ளேனு இன்னும் ரெண்டாவது சால்கூட ஓட்டல. அதுக்குள்ள கொடிய அவுத்து இடுப்புல கட்டிட்டீங்களே, ஏன்?"

நேற்று நீங்களும் இதைத்தான் கேட்டீர்கள். விமான விபத்தை விசாரிக்க மெட்ராஸிலிருந்து வந்து, இந்தப் பெரம்பலூர் பயணியர் மாளிகையில் தங்கி, எத்தனையோ பேரிடம் எதையெதையோ கேட்டீர்கள். பதில் உள்ள கேள்வி அது ஒன்றுதான். அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது. காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

முதலில் வேட்டி எப்படிக் கொடியானது என்று சொல்ல வேண்டும்.

பருத்திக்காட்டுக்கு மேலே பறக்கிறவனுக்கு எல்லாம் ஒரே பச்சை. எந்த வரிசையில் அடித்தோம், எதை விட்டோம் என்று தெரியாது. ஆகவே காட்டின் முனையில் ஒருவன் கம்பில் வெள்ளைத்துணி கட்டி நிற்பான். விமானம் அவனைக் குறிவைத்து வரும், மருந்தை ஊற்றும், அவன் தலைக்கு மேலே போகும். அவன் பத்துப் பதினைந்து தப்படி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி நிற்பான். விமானத்தில் ரேடியோ கிடையாது. கொடிதான் பாஷை. அதில் இரண்டே வார்த்தைகள். நிமிர்த்திப் பிடித்தால் 'வா'. குறுக்கே ஆட்டினால் 'விடு, உடனே போய்த் திடலில் இறங்கு'. கம்பெனி கொடுத்த கொடியை முந்தினநாள் ஓர் ஆடு தின்றுவிட்டது. நான் உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். வேட்டியைக் கழற்றிக் கம்பில் கட்டினேன். இவ்வளவுதான்.

அந்தக் கொடி பிடிக்கிறவனும் ஒரு பைலட் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஊருக்கும் இருந்தது.

நானும் தர்மனும் மெட்ராஸில் ஒரே பயிற்சிக் கிளப்பில் ஒன்றாகப் பறக்கக் கற்றோம். என் அப்பா வைரக்கண்ணு கிணற்றுக்குக் கீழண்டை நிலத்தை விற்று என்னை அனுப்பினார். தர்மனை சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்து அனுப்பியது. அவன் அப்பா செல்லப்பன் எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இதையெல்லாம் நான் ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். மெட்ராஸில் நாங்கள் ஒரே தட்டில் பரோட்டா தின்றோம், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். அங்கே என்னை 'டேய் நல்லு' என்பான். ஊருக்கு வந்தால், ஆட்கள் இருக்கும்போது, 'நல்லுசாமி, வாங்க' என்பான். நான் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. வேண்டாமென்றும் சொன்னதில்லை.

ஒரே வருஷத்தில் இருவருக்கும் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைத்தது. அந்த வருஷம்தான் உலகத்தில் பெட்ரோல் விலை ஏறியது. விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. எழுபத்து நாலில், எங்கள் கிளப் கேண்டீனில் டீ குடித்த எல்லோருமே பைலட்டுகள், டீ ஆற்றியவரைத் தவிர. ஒரு பையன் தையல் மெஷின் ஏஜெண்டாகப் போனான். இன்னொருவன் மாமனாரின் ரைஸ் மில்லில் உட்கார்ந்துவிட்டான்.

லைசென்ஸ் என்பது ஊறுகாய் இல்லை, சார், ஜாடியில் போட்டு மூடி வைத்தால் வருஷக்கணக்கில் இருக்க. பறக்க வேண்டும். பறந்த மணிகளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் காலாவதியாகிவிடும். பிறகு என்றைக்காவது ஏர்லைன்ஸ் கதவைத் திறந்தால், அதிக மணி பறந்தவன்தான் முன்வரிசையில் நிற்பான். மணி வேண்டுமென்றால் விமானம் வேண்டும். விமானம் வேண்டுமென்றால் வேலை வேண்டும். எங்களுக்குக் கிடைக்கக்கூடிய வேலை இந்த மருந்தடிக்கும் கம்பெனியில் இருந்தது. ஒரு விமானம், ஒரு இருக்கை.

திருச்சியில் இரண்டு பேரையும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அன்றைக்குக் காற்று எனக்கு ஒத்துழைக்கவில்லை. அதே காற்றில்தான் அவனும் ஓட்டினான் என்று கம்பெனிக்காரர் சொன்னார். அவருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்? தர்மன் மேலே ஏறினான். தர்மன்தான் அவரிடம் சொல்லி என்னைக் கீழ் வேலைக்குச் சேர்த்துவிட்டான். மருந்து கலப்பது, பெட்ரோல் ஊற்றுவது, கொடி பிடிப்பது.

"கூடவே இரு நல்லு. சீட்டு ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் காலியாவும். அப்ப ஒனக்குத்தான்" என்றான்.

நல்லவன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கே மருந்தடிக்க வருவோம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மேய்ச்சல் திடலைச் சமன்படுத்தி விமானத்தை இறக்கினோம். முதல் நாளே ரஞ்சன்குடியிலிருந்துகூட மாட்டுவண்டி கட்டி வந்து பார்த்தார்கள். செல்லப்பன் புதுத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திடலோரம் நின்றார். என் அப்பாவும் நின்றார். டீக்கடையில் ஒருவன் சொன்னது அன்று மாலைக்குள் என் காதுக்கு வந்துவிட்டது.

"வைரக்கண்ணு காட்ட வித்தாரு. மவன் அந்தக் காட்டுலயே கொடி புடிக்கறான். மேல போறவன் யாருன்னு பாத்தியா?"

சிரித்தேன், சார். நல்ல நகைச்சுவை எங்கிருந்து வந்தாலும் ரசிக்க வேண்டும்.

இனி மருதாயி அக்காவைப் பற்றி.

உங்கள் அறிக்கையில் 'கிராம மக்களின் அறியாமை' என்று ஒரு வரி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இயந்திரம் தெரிந்தவர்கள். அவர்கள் பார்த்த எந்த இயந்திரமும் தண்ணீர் குடிக்காமல் கிளம்பியதில்லை. கிணற்று மோட்டாரை ஓடவிடுவதற்கு முன்பு குழாயின் வாயில் ஒரு குடம் ஊற்ற வேண்டும். ஆயில் எஞ்சினுக்குத் தொட்டி நிறைய வேண்டும். அரியலூர் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றால் முதலில் தண்ணீர் கேட்பது டிரைவர் இல்லை, ரேடியேட்டர்தான். எனவே ஊருக்குள் எந்த வண்டி புதிதாக வந்தாலும், செல்லியம்மன் கோயில் கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துவந்து, அதன் வாயில் ஊற்றி, 'குடிச்சிட்டு நல்லா ஓடு' என்று சொல்வது வழக்கம். ஊற்றுகிறவர் மருதாயி அக்கா. கோயிலில் கரகம் தூக்குகிறவர். டிராக்டர் வந்தபோது ஊற்றினார், நெல் மெஷின் வந்தபோது ஊற்றினார். எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றிலும் தண்ணீர் போக வேண்டிய வாய் ஒன்று இருந்தது.

ஆயுத பூஜையன்று விமானத்துக்குப் பொட்டு வைத்தார்கள். காற்றாடிக்கு மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"வாலுக்கடியில ஒரு குட்டிச் சக்கரம் இருக்குங்க, அதுக்கும் ஒண்ணு வெச்சிருங்க. இல்லாட்டி அது கோவிச்சுக்கும்" என்றான் தர்மன். எல்லோரும் சிரித்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். தர்மனை அவன் தெருப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் கலைந்தது. திடலில் நானும் மஞ்சள் விமானமும் இருந்தோம். அப்போதுதான் மருதாயி அக்கா சொம்போடு வந்தார்.

"தம்பி, கூட்டத்துல மறந்தே போயிட்டேன். இதுக்கு வாய் எங்க இருக்கு?"

நான் நேர்மையாகச் சொல்கிறேன். அந்தக் கேள்வி வரும்வரை என் மனதில் எதுவும் இல்லை. விமானத்தின் எஞ்சின் காற்றிலேயே குளிரும். அதற்குத் தண்ணீர் வாய் கிடையாது. அப்படிச் சொல்லியிருந்தால் அக்கா பாவம், ஏமாந்து போயிருப்பார். ஆனால் இறக்கைக்கு மேலே ஒரு வட்ட மூடி இருந்தது.

"அந்த மூடிதானா தம்பி?"

"எட்டுமா அக்கா? ஸ்டூல் போடறேன்."

"தொறந்தே ஊத்தணுமா, மேலால தெளிச்சாப் போதுமா?"

"நம்ம வழக்கம் எப்படி?"

"வாயில ஊத்தறதுதான்."

"அப்ப வழக்கப்படி செய்யுங்க."

மூடியை நான்தான் திறந்தேன். அவருக்குத் திருகத் தெரியவில்லை. சொம்பு முழுவதும் உள்ளே போனது. உள்ளே இருந்த பெட்ரோல் ஒரு சத்தமும் போடாமல் வாங்கிக்கொண்டது. அக்கா இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குடிச்சிட்டு நல்லா ஓடு. எங்க புள்ளைங்கள பத்தரமா கொண்டுவந்து எறக்கு" என்றார். 'புள்ளைங்கள' என்று பன்மையில் சொன்னார். என்னையும் சேர்த்துத்தான். மூடியையும் நான்தான் திருகி மூடினேன்.

கவனியுங்கள், சார். நான் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். தண்ணீர் கனம். தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. தினமும் காலையில் விமானத்தை எடுப்பதற்கு முன்பு, அதைத் திறந்து கண்ணாடி கிளாஸில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் கிளாஸின் நடுவே கோடு போட்டது மாதிரி தனியாக நிற்கும். மேலே பெட்ரோலின் நிறம், கீழே நிறமில்லாத தண்ணீர். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். முழுவதும் வடியும்வரை திறந்துவிட்டால் தீர்ந்தது. கிளப்பில் முதல் வாரமே கற்றுக்கொடுப்பார்கள். ஓட்டுகிறவன்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. நானும் பைலட் என்பதால் அந்தப் பொறுப்பைத் தர்மன் என்னிடம் விட்டிருந்தான். 'நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி' என்பான். கொடி பிடிக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று நினைத்திருப்பான். அப்படி யோசிக்கிறவன்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் தர்மன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனான். லாரி ஆபீஸுக்கு மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் கிளாஸை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் குனிந்தேன். திருகைத் திறந்தேன். பிடித்தேன்.

கிளாஸ் முழுவதும் செல்லியம்மன் கோயில் கிணற்றுத் தண்ணீர். பெட்ரோல் பெயருக்குக்கூட இல்லை. அவ்வளவு தெளிவான தண்ணீர், சார். எங்கள் ஊர்க் கிணற்றுக்கு அந்தப் பேர் உண்டு.

கொட்டிவிட்டுத் திருகை மூடினேன்.

என் கணக்கு மிகவும் நியாயமானது. எஞ்சினைத் தரையிலேயே கொஞ்சநேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும், இருமும், நிற்கும். ஊரே வேடிக்கை பார்க்கும். கம்பெனிக்குத் தகவல் போகும். பெட்ரோலைச் சோதிக்காமல் ஏறியவன் யார்? ஓட்டுகிறவன். விதி அப்படித்தான் சொல்கிறது. அவனைக் கொஞ்சநாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். சீசன் நிற்காது, பருத்திப்புழு காத்திருக்காது. இருக்கையில் உட்காரத் திடலிலேயே இன்னொரு பைலட் இருக்கிறான். என் லைசென்ஸ் பிழைக்கும். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. இதைவிடச் சாதுவான திட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

தர்மன் திரும்பி வந்தான். சைக்கிள் ஹாண்டிலில் ஒரு ஜாங்கிரிப் பொட்டலம் தொங்கியது. திடலோரம் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தான். என் அப்பாவுக்கும் கொடுத்தான், அவரும் வாங்கிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தான். ஏதேதோ பேசினான். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"எப்படி?"

"சுத்தம்" என்றேன்.

எஞ்சின் தரையில் ஓடியது. நான் கொடிக்கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன். இருமவில்லை. நல்ல எஞ்சின். எங்கள் ஊர்த் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொண்டதோ என்னவோ. தர்மன் கையைக் காட்டிவிட்டு ஓடவிட்டான், தூக்கினான், போய்விட்டான். இங்கே என் கணக்கில் ஒரு சிறு பிசகு நேர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

காட்டு முனைக்குப் போய் நின்றேன். கொடியை நிமிர்த்தினேன். முதல் சுற்றுக்கு நேராக என்னைக் குறிவைத்து வந்தான். வெள்ளைப் புகை மாதிரி மருந்தை விரித்துக்கொண்டு, என் தலைக்கு மேலே பாய்ந்து போனான். இறக்கை மட்டமாக இருக்கும்வரை தண்ணீர் ஒரு மூலையில் கிடக்கும். திரும்பும்போது சாயும். சாய்ந்தால் தண்ணீர் புரண்டு குழாய்க்குள் போகும். அதை நான் அப்போதுதான் யோசித்தேன். அவன் நேராகப் போய்க்கொண்டிருந்தான். திரும்புவதற்குள் நேரம் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்றும் எனக்குத் தெரியும். எப்போதும் பார்ப்பான். நான் நகர்ந்து நிற்கிறேனா என்று தோளுக்கு மேலாக ஒரு பார்வை.

கொடியைக் குறுக்கே ஆட்டினால் போதும். திரும்பாமல், எதிரே தெரியும் திடலிலேயே நேராக இறக்கியிருப்பான்.

கை கிளம்பிவிட்டது, சார். அதுதான் உண்மை. கம்பு என் கையில் தானாகச் சாய்ந்தது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் ஆட்டியிருப்பேன். ஆட்டியிருந்தால், ஏன் ஆட்டினாய் என்று கேட்பார்கள். தண்ணீர் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். 'சுத்தம்' என்று சொன்ன பைலட்டுக்கு வாழ்நாளில் லைசென்ஸ் கிடையாது.

அதனால் கம்பைத் தரையில் சாய்த்தேன். முடிச்சை அவிழ்த்தேன். வேட்டியை எடுத்து இடுப்பில் கட்டினேன். வேட்டி இடுப்பில் இருந்தால் கையால் ஆட்ட முடியாது.

இருசம்மாளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். காத்திருப்பாள்.

மருதாயி அக்கா அன்று மாலையே என்னைத் தேடி வந்தார். தொட்டியில் தண்ணீர் இருந்தது என்று அதற்குள் கம்பெனி மெக்கானிக் சொல்லி, ஊர் முழுவதும் பரவியிருந்தது.

"தம்பி, நீ காட்டுன எடத்துலதானே ஊத்துனேன்?"

"தெளிக்கத்தான் சொன்னேன் அக்கா. நீங்க ஊத்திட்டீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா தம்பி? எனக்கு வயசாயிருச்சு போல" என்றார். அவருக்கு ஐம்பதுகூட இருக்காது. அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கம் போவதில்லை. கரகத்தை வேறு யாராவது தூக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் மனதைப் புண்படுத்தும்படி உங்கள் அறிக்கையில் எதுவும் வரக்கூடாது என்பது என் விருப்பம். நான் பேச ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தர்மனைத் திருச்சி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கால் முழுவதும் மாவுக்கட்டு. செல்லப்பன் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"வா நல்லு. சோளக்காட்டுக்காரரு வந்துட்டுப் போனாரு. 'இது அறுக்கற மெஷினா, வெதைக்கற மெஷினா தம்பி'ன்னு கேக்கறாரு" என்று தர்மன் சிரித்தான். சிரித்தால் கால் வலித்தது. வலித்தும் சிரித்தான். மருதாயி அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றான். கிளாஸில் எப்படித் தப்பியது என்று என்னை அவன் கேட்கவேயில்லை. "எப்பவாவது கண்ணு ஏமாத்தும்டா, உடு" என்று அவனே சொல்லிவிட்டான்.

முழங்கால் இனிமேல் மடங்காது என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். மடங்காத காலோடு மெடிக்கலில் தேற முடியாது. கம்பெனியும் இந்தப் பக்கத்து வேலையை மூடிவிட்டது. ஒரே விமானம், அதுவும் சோளத்தில். ஆக, அந்த இருக்கை யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. என் திட்டத்தால் எனக்கு நயாபைசா லாபம் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். லாபம் இல்லாத இடத்தில் கெட்ட எண்ணம் எப்படி இருக்க முடியும்?

எல்லாம் சொல்லியாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு சின்னத் திருத்தம் மட்டும்.

நேற்று நீங்கள் வாசித்துக் காட்டியதில், தர்மனுக்கு ஏர்லைன்ஸ் வேலை கிடைத்த செய்தியை நான் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன் என்று இருந்தது. செல்லப்பன் அப்படிச் சொல்லியிருப்பார். அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார். பாவம், மகன் அவரிடம் சாயங்காலம் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தான்.

நான் திடலிலேயே தெரிந்துகொண்டேன். விஜயதசமி காலையில். ஜாங்கிரிப் பொட்டலத்தோடு நேராக என்னிடம்தான் வந்தான். ஊர்க்காரர்கள் இருந்தார்கள், களைவெட்டும் பெண்கள் இருந்தார்கள், என் அப்பா இருந்தார். அத்தனை பேருக்கும் முன்னால் என் தோளில் கையைப் போட்டான். ஊரில் அதற்கு முன் அவன் அப்படிச் செய்ததில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். காதோடுதான் சொன்னான். ஆனால் கை தோளில் இருந்தது. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள்.

"டேய் நல்லு, கூப்ட்டுட்டாங்கடா. ஏர்லைன்ஸுல. திங்கக்கெழம நான் மெட்ராஸுல இருக்கணும். கம்பெனிக்கும் போன்லயே சொல்லிட்டேன், இனிமே இந்த சீட்டு எங்க நல்லுசாமிக்குத்தான்னு. சரின்னுட்டாங்க. நாளைலேர்ந்து நீ ஓட்டற, வேற எவனாவது கொடி புடிக்கட்டும். எதுக்கு நாளைக்கு? இன்னிக்கே ஏறேன். நான் கொடி புடிக்கறேன்."

வேட்டியோடு எப்படி ஏறுவது என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சார் அவன், "பார்த்தாச்சா?" என்று கேட்டான்.